டக்கர் படம்: கார் ஓடியது, கம்பெனி ஏன் நின்றது?

புதுச்சேரியில் ஆட்டோமொபைல் டிப்ளமோ மாணவர்களும் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பட்டறைக்காரர்களும் சேர்ந்து பார்க்கும் ஞாயிற்றுக்கிழமைத் திரையிடலில், பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாவின் 'டக்கர்: த மேன் அண்ட் ஹிஸ் ட்ரீம்' படத்தைப் போடப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். 1940-களில் அமெரிக்காவில் புதிதாகக் கார் கம்பெனி தொடங்கிய பிரெஸ்டன் டக்கரின் கதை அது. மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கார் நிஜமாகவே ஓடியதா? டெட்ராய்ட்டின் பெரிய கம்பெனிகள்தான் பிரெஸ்டன் டக்கரைக் கவிழ்த்தனவா? படத்தை எங்கே நிறுத்திப் பேசினால் நன்றாக இருக்கும்?

சுருக்கமான பதில் இது. கார் ஓடியது, அந்தக் காலத்துக்கு மிக நன்றாகவே ஓடியது. மாதிரி வண்டியையும் சேர்த்து 51 செய்தார்கள், அவற்றில் பெரும்பாலானவை இன்றும் இருக்கின்றன. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் மூன்றும் நேரடியாகக் கை வைத்ததற்குச் சான்று கிடையாது. கண்ணுக்குத் தெரிந்து அடித்தது அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம், நம்மூர் செபி போன்றது. ஆணையத்துக்குப் பிடி கொடுத்தவர் டக்கர்தான். காரைச் செய்து முடிப்பதற்கு முன்பே அவர் காரை விற்கத் தொடங்கிவிட்டார். படம் வேகமாகத் தாண்டிப் போகும் இடம் இது. உங்கள் பேச்சு இங்கேதான் நிற்க வேண்டும் என்பது என் எண்ணம்.

காரிலிருந்து தொடங்குவோம், பட்டறைக்காரர்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

டக்கர் முதலில் திட்டமிட்ட எஞ்சின் 589 கன அங்குலம், அதாவது 9.65 லிட்டர். ஆறு சிலிண்டர், பக்கத்துக்கு மூன்றாகப் படுத்த வாக்கில், வண்டியின் பின்புறத்தில். சிலிண்டரின் உள்விட்டம் (போர்) 5 அங்குலம், பிஸ்டன் நகரும் தூரம் (ஸ்ட்ரோக்) 5 அங்குலம். கணக்குப் போட்டால் ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 1,609 சிசி வரும். நம் பழைய அம்பாசடரின் எஞ்சின் நான்கு சிலிண்டரும் சேர்ந்தே 1,489 சிசிதான். டக்கர் எஞ்சினின் ஒற்றைச் சிலிண்டர் அம்பாசடரின் மொத்த எஞ்சினைவிடப் பெரியது. இவ்வளவு பெரிய எஞ்சின் எதற்கு? மெதுவாகச் சுற்றினால் தேய்மானம் குறையும் என்பது அவர் கணக்கு. வண்டி நிற்கும்போது, அதாவது ஐடிலில், நிமிடத்துக்கு 100 சுற்று, சாலையில் 1,200-க்குள். கியர்பாக்ஸே கிடையாது. பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் எஞ்சினின் ஒரு முனையிலிருந்து டார்க் கன்வர்ட்டர் (எண்ணெய் மூலம் சுழற்சியைக் கடத்தும் உறுப்பு) வழியாக நேரடி இழுவை.

எண்ணம் அழகானது. கெட்டது வால்வில். வழக்கமான எஞ்சினில் கேம்ஷாஃப்ட்டின் மேடு தள்ளி வால்வைத் திறக்கும், ஸ்பிரிங் இழுத்து மூடும். டக்கர் கேம்ஷாஃப்ட்டை எடுத்துவிட்டு எண்ணெய் அழுத்தத்தால் வால்வைத் திறக்கப் பார்த்தார். வண்டி நிற்கும்போது எண்ணெய் அழுத்தம் பூஜ்யம். அழுத்தம் ஏற எஞ்சின் சுற்ற வேண்டும், எஞ்சின் சுற்ற வால்வு திறக்க வேண்டும், வால்வு திறக்க அழுத்தம் வேண்டும். இந்த வட்டத்தை உடைக்க செல்ஃப் மோட்டார் வெகு நேரம் வெகு பலமாகச் சுற்ற வேண்டியிருந்தது. அதற்காக 24 வோல்ட் மின்சாரம் வைத்தார்கள். அதுவும் போதாமல் வெளியிலிருந்து பேட்டரி கொண்டுவந்து கொடுத்தார்கள். கிளம்பிய பிறகும் நேரம் தவறியது. கேம்ஷாஃப்ட் இரும்பு, சொன்ன நொடியில் தள்ளும். எண்ணெய் குழாயில் ஓடி வந்து தள்ளுவதற்குள் பிஸ்டன் பாதி வழி போய்விடும். இவ்வளவு பெரிய எஞ்சின் நூறு குதிரைத்திறனைக்கூடத் தொடவில்லை.

ரிவர்ஸ் கியர் இல்லாத கதையும் இங்கே பிறந்ததுதான். கியர்பாக்ஸ் இல்லாத ஏற்பாட்டில் பின்னால் போக வழி வைக்கவில்லை. அந்த முதல் மாதிரி வண்டிக்கு மட்டும்தான் இந்தக் குறை. பிறகு வந்த எல்லா வண்டிகளுக்கும் ரிவர்ஸ் உண்டு. ஆனால் 'டக்கர் வண்டி பின்னால் போகாது' என்று பத்திரிகையில் வந்த சொல் நிலைத்துவிட்டது.

அந்த மாதிரி வண்டிக்கு 'டின் கூஸ்', தகர வாத்து, என்று பெயர். 1947 ஜூன் 19, சிகாகோ தொழிற்சாலையில் சுமார் 3,000 பேர் முன்னால் அறிமுகம். படத்தில் இந்தக் காட்சி பரபரப்பாக இருக்கும். உண்மையும் அதற்குக் குறைந்ததல்ல. உடலைக் கையால் தட்டி உருவாக்கியதால் மேடுபள்ளத்தை ஈயம் காய்ச்சி நிரப்பியிருந்தார்கள். நம்மூர் டிங்கரிங் பட்டறையில் பட்டி போடுவதைப் போல, ஆனால் எடை எங்கேயோ போய்விட்டது. முந்தைய இரவு அந்த எடை தாங்காமல் சஸ்பென்ஷன் கைகள் உடைந்தன. அவசரமாக வேறு செய்து மாட்டினார்கள். எஞ்சின் போட்ட சத்தம் கூட்டத்துக்குக் கேட்கக்கூடாது என்று பேண்டு வாத்தியத்தை உரக்க வாசிக்கச் சொன்னார்கள். மேடைக்கு வந்தபோது ரேடியேட்டர் தண்ணீர் கொதித்து ஆவி வந்தது. இவை எல்லாம் மாதிரி வண்டியில் வரக்கூடிய கோளாறுகள், எந்தக் கம்பெனியிலும் வரும். மற்ற கம்பெனிகள் அதைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கும். டக்கருக்குப் பணம் வேண்டியிருந்தது, அதனால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார்.

அவசரத்தின் விலையை அவர் முன்பே ஒருமுறை அனுபவித்தவர். 1935-ல் பந்தயக் கார் வடிவமைப்பாளர் ஹாரி மில்லரோடு கூட்டுச் சேர்ந்து இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்துக்கு ஃபோர்டு வி8 எஞ்சின் வைத்த பத்து வண்டிகள் செய்தார். ஸ்டியரிங் பெட்டியை எக்ஸாஸ்ட் குழாய்க்கு மிக அருகில் வைத்துவிட்டார்கள். சூடேறி இறுகி, பந்தயத்தில் ஓடிய வண்டிகள் எல்லாம் ஒவ்வொன்றாக விலகின. சோதித்துப் பார்க்க நாள் இருந்திருந்தால் ஒரு கேடயத் தகடு வைத்துச் சரிசெய்திருக்கலாம். இது படத்தில் கிடையாது. இதை நீங்கள் முன்னுரையில் சொல்லிவிட்டுப் படத்தைப் போட்டால், அறிமுக விழாக் காட்சியைப் பார்வையாளர்கள் வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

589 தேறாது என்று தெரிந்ததும் எடுத்த முடிவு அவருடைய ஊழியர்களின் திறமைக்குச் சாட்சி. படத்தில் அந்த மாற்று எஞ்சினைப் பற்றி விமானத் தொழிலதிபர் ஹோவர்டு ஹியூஸ் ஒரு விமானக் கொட்டகையில் நின்று சொல்வார், டீன் ஸ்டாக்வெல் நடித்த சின்னக் காட்சி. நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் நகரில் இருந்த ஏர்கூல்டு மோட்டார்ஸ் கம்பெனியின் பிராங்க்ளின் ஓ-335 அது. ஹெலிகாப்டருக்கான எஞ்சின், 334 கன அங்குலம், 5.5 லிட்டர் பக்கம். எடை 320 பவுண்டு, அதாவது 145 கிலோ. 166 குதிரைத்திறன். காற்றால் குளிரும் எஞ்சினைத் தண்ணீரால் குளிரும்படி மாற்றினார்கள். முழு வேகத்தில் 150 மணி நேரம் இடைவிடாமல் ஓட்டிச் சோதித்தார்கள், சாலையில் 18,000 மைல் ஓடியதற்குச் சமம். காரின் எடை 4,200 பவுண்டு, ஏறக்குறைய 1,900 கிலோ. அதை இந்த எஞ்சின் மணிக்கு 60 மைல் வேகத்துக்குப் பத்து நொடியில் கொண்டுபோனது.

டக்கர் அந்த எஞ்சினை மட்டும் வாங்கவில்லை. எஞ்சின் வரத்து நின்றுவிடக் கூடாதே என்று கம்பெனியையே 18 லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார். வாங்கியதும் அவர்களுடைய விமான எஞ்சின் ஒப்பந்தங்களை ரத்து செய்தார். சம்பாதித்துக்கொண்டிருந்த வருமானத்தைத் தானே மூடிய வேலை அது. கையில் காசு இல்லாதவர் செய்யக்கூடாத காரியம்.

அடுத்த தலைவலி கியர்பாக்ஸ். பின்புற எஞ்சினுக்குப் பொருந்துவது முன்சக்கர இழுவைக் காரின் கியர்பாக்ஸ்தான், திருப்பி வைத்தால் போதும். அப்படி ஒன்று போருக்கு முந்தைய கார்டு 810, 812 கார்களில் இருந்தது. அந்தக் கம்பெனியோ மூடிப் பத்தாண்டு ஆகியிருந்தது. டக்கரின் ஆட்கள் காயலான் கடைகளில் தேடி 22 கியர்பாக்ஸ் சேர்த்தார்கள். பிரித்துக் கழுவி, வலுக்கூட்டி மாட்டினார்கள். பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்த உறுப்பை வைத்து வண்டி ஓட்டிப் பழகிய நம் பட்டறைக்காரர்களுக்கு இதைச் சொன்னால் முகம் மலரும். ஆனால் இதைவிடக் குறைந்த சுழல்விசைக்குச் செய்த பற்கள் அவை, எப்போதும் பயத்தோடுதான் ஓட்ட வேண்டும். இதற்கு மாற்றாக 'டக்கர்மேட்டிக்' என்று ஏறத்தாழ முப்பதே உறுப்புகள் கொண்ட தானியங்கி கியர்பாக்ஸை வாரன் ரைஸ் வடிவமைத்தார். அது பெருமளவில் வருவதற்குள் கம்பெனி முடிந்துவிட்டது.

பாதுகாப்பு அம்சங்களில் படம் சொல்வது பெரும்பாலும் சரி. நடுவில் மூன்றாவது விளக்கு, ஸ்டியரிங் பத்து டிகிரிக்கு மேல் திரும்பினால் அதுவும் திரும்பி வளைவைக் காட்டும். இரண்டு விளக்குக்கு மேல் கூடாது என்று 17 மாநிலங்களில் சட்டம் இருந்ததால் அதற்கு மூடியும் செய்தார்கள். மெத்தை வைத்த டாஷ்போர்டு, மோதினால் வெளிப்பக்கம் கழன்று விழும் முன்கண்ணாடி, வண்டி உருண்டால் நசுங்காமல் இருக்கக் கூரைக்குள் கம்பி, ஆபத்தில் முன்சீட்டுக்காரர் குனிந்து ஒடுங்கிக்கொள்ள இடம். 1948-ல் இண்டியானாபோலிஸ் தடத்தில் 1027-ஆம் எண் கார் மணிக்கு 95 மைல் வேகத்தில் உருண்டது. தலைமை மெக்கானிக் எட்டி ஆஃபட் சிராய்ப்போடு எழுந்து நடந்தார், முன்கண்ணாடி சொன்னபடி கழன்று விழுந்திருந்தது.

விளம்பரத்தில் சொல்லிக் காரில் வராதவையும் உண்டு. டிஸ்க் பிரேக், ஃப்யூயல் இன்ஜெக்ஷன், மெக்னீசியம் சக்கரம் எதுவும் வரவில்லை. சீட் பெல்ட் வைத்தால் வண்டி ஆபத்தானது என்று ஜனங்கள் நினைப்பார்கள் என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். விலையும் ஏறியது, 2,450 டாலர் என்று வந்து நின்றது. வழக்கு என்று வந்தபோது இந்தப் பட்டியல்தான் எதிர்த்தரப்பின் கையில் இருந்த கத்தி.

இப்போது பணம். இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும், படம் இதில்தான் அவசரப்படுகிறது.

போரின்போது பி-29 குண்டுவீச்சு விமானத்துக்கு எஞ்சின் செய்த சிகாகோ டாட்ஜ் தொழிற்சாலையை அரசிடமிருந்து குத்தகைக்குப் பிடித்தார். 475 ஏக்கர், உலகின் மிகப் பெரிய கட்டடங்களில் ஒன்று. நிபந்தனை: 1947 மார்ச் 1-க்குள் ஒன்றரைக் கோடி டாலர் மூலதனம் காட்ட வேண்டும். வங்கியில் கடன் வாங்கினால் பிடி வங்கியின் கைக்குப் போய்விடும் என்று அவருக்குப் பயம். அதனால் ஊரெல்லாம் டீலர்களிடம் உரிமைக்கு முன்பணம் வாங்கினார். பிறகு இரண்டு கோடி டாலருக்குப் பங்கு வெளியிட்டார். அதுவும் தீர்ந்துகொண்டே வந்தபோது செய்ததுதான் உண்மையான விபரீதம். காருக்கு முன்பதிவு செய்பவர்கள் சீட் கவர், ரேடியோ, பெட்டி ஆகியவற்றை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம், வாங்கினால் வரிசையில் இடம் உறுதி என்றார். வராத காருக்குச் சீட் கவர்! இருபது லட்சம் டாலர் சேர்ந்தது.

நகைச்சீட்டு, தீபாவளிச் சீட்டு, மனைத் திட்டம் என்று ஏமாந்தவர்களை நம் கடலூர், புதுச்சேரிப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். பணம் கட்டியவரின் இடத்திலிருந்து பாருங்கள். பொருளைச் செய்யும் எண்ணமே இல்லாமல் வசூலிப்பவரும், செய்யும் வெறியோடு இராப்பகலாக உழைத்துக்கொண்டே வசூலிப்பவரும் முதல் ஓராண்டுக்கு ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். ரசீது ஒன்றே, வாக்குறுதி ஒன்றே, தாமதத்துக்குச் சொல்லும் காரணமும் ஒன்றே. உள்ளே லேத் ஓடுகிறதா என்பதுதான் வித்தியாசம். டக்கரின் தொழிற்சாலையில் லேத் ஓடியது. அதை ஆணையம் பார்க்க விரும்பவில்லை. அந்த இடத்தில் எனக்கு டக்கர் பக்கம்தான் மனம் சாய்கிறது.

எதிரிகள் யார் என்று வரிசையாகப் பார்ப்போம். முதலில் 1946-ல் அரசின் வீட்டுவசதி நிர்வாகத் தலைவர் வில்சன் வயட், அந்தத் தொழிற்சாலையை முன்தயாரிப்பு இரும்பு வீடு செய்யும் லஸ்ட்ரான் கம்பெனிக்குக் கொடுக்கச் சொன்னார். டக்கர் போராடித் தக்கவைத்தார். அடுத்து எஃகு. சொந்தமாக எஃகு ஆலை வாங்க டக்கர் போட்ட ஏலக் கேட்பு நிராகரிக்கப்பட்டது. மூன்றாவது, பத்திரிகையாளர் ட்ரூ பியர்சன் 1948-ல் வானொலியில் விசாரணை வருவதாகச் சொன்னதும் பங்கு விலை சரிந்தது. விசாரணை அறிக்கை ரகசியமாக இருக்க வேண்டியது, அதுவும் பத்திரிகைக்குக் கசிந்தது. டீலர்கள் தாங்களே வழக்குப் போட ஆரம்பித்தார்கள்.

மிச்சிகன் செனட்டர் ஹோமர் ஃபெர்குசன் பின்னாலிருந்து இயக்கினார் என்று படம் காட்டுகிறது. அந்தப் பாத்திரத்தில் நடித்த லாயிட் பிரிட்ஜஸ், டக்கராக நடித்த ஜெஃப் பிரிட்ஜஸின் சொந்தத் தந்தை. காட்சி அருமையாக இருக்கும். ஆனால் அது சந்தேகம், சான்று அல்ல என்று பார்வையாளர்களிடம் சொல்லிவிடுங்கள். அதே காலத்தில் கைசர்-ஃபிரேசர் என்று இன்னொரு புதிய கார் கம்பெனி வந்து, 1950-களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் கார் விற்றது. புதிதாக வந்த எல்லோரையும் பெரிய மூவர் முளையிலேயே கிள்ளினார்கள் என்ற கதைக்கு அது பொருந்தவில்லை. கைசரிடம் கப்பல் கட்டிச் சேர்த்த செல்வமும் அரசில் செல்வாக்கும் இருந்தன. டக்கரிடம் இரண்டும் இல்லை.

1949 மார்ச்சில் கம்பெனி நீதிமன்றம் நியமித்த அறங்காவலர்கள் கைக்குப் போனது. ஜூனில் குற்றப்பத்திரிகை, அஞ்சல் வழி மோசடி, பங்குச் சட்ட மீறல், சதி என்று 31 குற்றச்சாட்டுகள். அக்டோபர் 4-ல் விசாரணை தொடங்கியது. அரசுத் தரப்பு சாட்சிகளே குறுக்கு விசாரணையில் கார் நன்றாக ஓடியதாகச் சொல்லும் நிலை வந்தது. டக்கரின் வழக்கறிஞர்கள் ஒரு சாட்சியைக்கூட அழைக்கவில்லை. குற்றமே நடக்காதபோது எதற்கு எதிர்வாதம் என்பது அவர்கள் நிலை. 1950 ஜனவரி 22-ல் எல்லாக் குற்றச்சாட்டிலும் எல்லோரும் விடுதலை. ஆனால் தொழிற்சாலை போய்விட்டிருந்தது. வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞர் ஓட்டோ கெர்னர் பிறகு இல்லினாய் ஆளுநரானார், நீதிபதியும் ஆனார். 1973-ல் குதிரைப் பந்தயப் பங்கு ஊழலில் அவரே தண்டனை பெற்றார். அந்தக் குற்றச்சாட்டுகளில் அஞ்சல் வழி மோசடியும் ஒன்று.

படம் மாற்றியவை எவை என்று கேட்பார்கள். படத்தில் ஐம்பது கார் கெடுவுக்குள் செய்து முடிக்காவிட்டால் தொழிற்சாலை போய்விடும் என்ற பரபரப்பு வரும். உண்மையான நிபந்தனை மூலதனம் பற்றியது. கடைசியில் டக்கர் ஜூரி முன்னால் நின்று பேசும் நீண்ட பேச்சு கற்பனை, அவர் வாய்ச்சாட்சியமே கொடுக்கவில்லை.  நான்கு வருடம் நடந்ததை ஓராண்டுக்குள் அடக்கியிருக்கிறார்கள். பல பாத்திரங்கள் இரண்டு மூன்று ஆட்களைச் சேர்த்துப் பிசைந்தவை. ஏப் காராட்ஸ் என்ற பணம் திரட்டுபவர் நிஜ மனிதர். அந்த வேடத்துக்கு மார்ட்டின் லாண்டோ ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். படத்தில் என் மனத்தில் நிற்கும் முகம் அவருடையதுதான்.

கொப்போலாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவருடைய தந்தை டக்கர் பங்கில் 5,000 டாலர் போட்டு இழந்தவர். முதலில் இதை இசை நாடகப் படமாக எடுக்கத்தான் நினைத்தார், லெனார்டு பெர்ன்ஸ்டைனோடு பேச்சும் நடந்தது. பிறகு ஜார்ஜ் லூகாஸ் தயாரிப்பில் 1988-ல் இந்த உருவத்தில் வந்தது. படம் முழுக்கக் கம்பெனி விளம்பரப் படத்தின் தொனியில் இருப்பது வேண்டுமென்றே செய்தது. பளபளப்பான வெளிச்சம் விட்டோரியோ ஸ்டொராரோவின் ஒளிப்பதிவு. எல்லாம் டக்கரின் வாயால் சொல்லப்பட்ட விளம்பரம் போலவே ஓடும். பணக் கணக்கு ஏன் படத்தில் மங்கலாக இருக்கிறது என்பதற்கு இதுவே பதில் என்று தோன்றுகிறது. விளம்பரத்தில் யார் கடன் கணக்குச் சொல்வார்கள்?

நம்மூர்க் கூட்டத்தில் இந்தப் படத்தைப் போட்டால் யாராவது வ.உ.சி.யை இழுப்பார்கள். இழுக்கட்டும், பொருத்தமும் உண்டு. 1961-ல் பி.ஆர்.பந்துலு எடுத்த 'கப்பலோட்டிய தமிழன்' நம் மொழியில் இதே வகைப் படம். 1906-ல் பத்து லட்சம் ரூபாய் மூலதனத்தில், பங்கு ஒன்று 25 ரூபாய் என்று வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். எதிரில் பிரிட்டிஷ் இந்தியா என்ற கப்பல் கம்பெனி. ஆனால் இரண்டு கதைகளிலும் அடி விழுந்த முறை வேறு. வ.உ.சி.யிடம் பொருள் தயாராக இருந்தது, காலியா, லாவோ என்ற கப்பல்கள் கடலில் ஓடிக்கொண்டிருந்தன. எதிரி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்தான். அது விலைப்போர். ஆழமான பை உள்ளவன் சின்னப் பை உள்ளவனைக் காலியாக்கும் போர். அதிலும் ஆள் சாயாததால் 1908-ல் சிறை. அந்த ஆண்டுதான் பாரதி புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். டக்கருக்கு எதிராக யாரும் விலையைக் குறைக்கவே தேவைப்படவில்லை, கார் கடைக்கே வரவில்லையே. ஈசுவரன் தர்மராஜா கோவில் தெருவில் பாரதி வீட்டைப் பார்த்திருக்கும் மாணவர்களுக்கு இந்த ஒப்பீட்டை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். அதற்கு மேல் இழுத்தால் டக்கர் காணாமல் போய்விடுவார்.

திரையிடலுக்கு வருவோம். படம் 110 நிமிடம். இரண்டு இடத்தில் நிறுத்துங்கள், அதற்கு மேல் வேண்டாம். பேச்சு ஆங்கிலத்தில் வேகமாக வரும். வசன வரி இருந்தாலும் பட்டறைக்காரர்களில் பலர் படத்தைப் பார்ப்பார்களா வரியைப் படிப்பார்களா? ஒரே பக்கத்தில் தமிழில் பாத்திரங்களின் பெயர், உறவு, ஐந்தாறு தேதி மட்டும் அச்சடித்துக் கொடுங்கள்.

முதல் நிறுத்தம், அறிமுக விழா முடிந்ததும். இங்கே எண்ணெய் வால்வைக் கையால் காட்டலாம். மெடிக்கல் ஷாப்பில் 10 மில்லி சிரிஞ்சு நான்கு வாங்குங்கள், ஊசி வேண்டாம். மீன் தொட்டிக்குக் காற்று விடும் மெல்லிய குழாய் இரண்டு மீட்டர் வாங்கிப் பாதியாக வெட்டுங்கள். ஒரு சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி, குழாயை மாட்டி, மறுமுனையில் தண்ணீர் எட்டிப் பார்க்கும் வரை தள்ளுங்கள். காற்றுக் குமிழ் இருக்கக்கூடாது. இரண்டாவது சிரிஞ்சின் தண்டை முழுக்க உள்ளே தள்ளி மறுமுனையில் செருகுங்கள். தண்டு திரும்பி உள்ளே போக ஒரு ரப்பர் பேண்டு போடுங்கள், அதுதான் வால்வு ஸ்பிரிங். இங்கே தள்ளினால் அங்கே உடனே எழும்பும், எல்லோரும் 'சரியாகத்தானே இருக்கிறது' என்பார்கள். இப்போது குழாயைக் கழற்றி இரண்டு மில்லி காற்று விட்டு மறுபடி தள்ளச் சொல்லுங்கள். மெத்தென்று அமுங்கும், மறுமுனை தயங்கித் தயங்கி எழும்பும். பிரேக்கில் காற்றுப் புகுந்தால் பெடல் எப்படி இறங்கும் என்று தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. மற்ற இரண்டு சிரிஞ்சையும் மீதிக் குழாயையும், தண்ணீருக்குப் பதில் விளக்கெண்ணெய் விட்டு, அதே மாதிரி இணையுங்கள். தண்ணீர் போட்டதையே இதற்குப் பயன்படுத்தாதீர்கள். கட்டைவிரல் வலிக்கத் தள்ளினால்தான் நகரும். காலைக் குளிரில் செல்ஃப் மோட்டார் பட்ட பாடு அதுதான். கடைசியாக, ஒரு நொடிக்கு எட்டு முறை தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு வால்வும் 500 முறை திறந்து மூட வேண்டும், நொடிக்கு எட்டுக்கு மேல் வருகிறது. யாராலும் முடியாது. பன்னிரண்டு வால்வுக்கும் இது நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படத்தைத் தொடருங்கள்.

இரண்டாவது நிறுத்தம், வழக்கு தொடங்குவதற்கு முன். இங்கே சீட் கவர் விஷயத்தைச் சொல்லி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: முன்பணம் கட்டிய டீலர் நீங்கள்தான், ஒன்றரை வருடம் ஆகிவிட்டது, வண்டி வரவில்லை, ஆணையத்துக்குப் புகார் எழுதுவீர்களா மாட்டீர்களா? கை தூக்கச் சொல்லி எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதுங்கள். தீர்ப்பு வந்த பிறகு அதே கேள்வியை மறுபடி கேட்டு, பக்கத்தில் எழுதுங்கள்.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் டக்கர் பிறகு என்ன ஆனார் என்று கேட்பார்கள். பிரேசிலில் 'கரியோகா' என்ற சின்னக் கார் செய்யும் முயற்சியில் இருந்தார், 1956 டிசம்பர் 26-ல் 53 வயதில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் தொழிற்சாலையின் ஒரு பகுதியில் பிறகு மிட்டாய் கம்பெனி வந்தது, இன்னொரு பகுதியில் வணிக வளாகம் வந்தது.

படத்தில் இல்லாத ஒன்றையும் அப்போது சொல்லுங்கள். தொழிற்சாலை மூடப்பட்ட நாளில் முழுமையாக முடிந்திருந்தவை 37 கார்கள். மீதி 13-க்கான உறுப்புகள் அங்கங்கே கிடந்தன. கம்பெனி அறங்காவலர்கள் கையில், முதலாளி வழக்கில், சம்பளம் என்ன ஆகும் என்று தெரியாது. அந்த நிலையில் சில தொழிலாளர்கள் உள்ளே இருந்து அந்த 13 கார்களையும் பூட்டி முடித்து வெளியே தள்ளினார்கள். உங்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஃபிட்டர்களிடமும் வெல்டர்களிடமும் அவர்கள் ஏன் அப்படிச் செய்திருப்பார்கள் என்று கேளுங்கள், பதில் அவர்களிடமிருந்து வரட்டும்.